பெரியம்மா எச்சில்

என் மகள் முதன்முதலில் வாய் திறந்து சொன்ன வார்த்தை ‘பெம்மா’. பெரியம்மா என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். ஊரில் மற்ற குழந்தைகளெல்லாம் அம்மா என்று ஆரம்பிக்கும்போது, என்னுடையது மட்டும் பெற்றவளை விட்டுவிட்டு என் அக்காவைக் கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பெரிய அதிசயமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் சிரித்து வைத்தேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

குழந்தை மேல் குற்றமில்லை. அவள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாதபோது எனக்கு டைபாய்டு வந்து, இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். அந்த இரண்டு மாதமும் பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, சங்கில் ஊற்றிப் புகட்டி, மடியிலேயே போட்டுக்கொண்டு வளர்த்தவள் அக்கா. அவளுக்குக் குழந்தை இல்லை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர்; அரியலூரில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். அதனால் பாதி நாள் அவள் எங்கள் அம்மா வீட்டில்தான் இருப்பாள். வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா வீடும் என் வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே. காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்ததும் நான் குழந்தையிடம் கையை நீட்டினேன். அது வீரிட்டு அழுது அக்கா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“பழகிடும் புள்ள. ரெண்டு நாளு ஆவட்டும்” என்றாள் அக்கா. இரண்டு வருஷம் ஆகியும் பழகவில்லை.

உண்மையைச் சொன்னால், பொறாமை எனக்குக் குழந்தையால் வந்ததில்லை. பாவாடை கட்டின காலத்திலிருந்தே கூடவே வளர்ந்தது. அக்காவுக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். எனக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்து எங்கம்மாவுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் பாடினால் கோயிலே அமைதியாகக் கேட்கும். நான் பாடப் போனால், “நீ பின்னால நின்னு பாடும்மா” என்பார் பாட்டு சொல்லித் தருகிறவர். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அவளைப் பெண் பார்க்க அந்த லாரிக்காரர் வந்த அன்றுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆள் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பேச்சுக்குப் பேச்சு பம்பாய், சூரத் என்று ஊர்ப்பெயராக வந்து விழுந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. கொல்லையில் முந்திரி மரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன். இந்த ஆளை எனக்குக் கட்டி வைக்காமல் அவளுக்குக் கட்டி வைக்கிறார்களே என்று அழுதேன். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் ஆனதும் அவர் அவளைத் தன் லாரியிலேயே உட்கார வைத்து வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போனார். சூரத்திலிருந்து புடவை வாங்கி வந்தார். எனக்கு வாய்த்தவர் முந்திரிக்காடு, வீடு, இரண்டைத் தவிர வேறெங்கும் போகாதவர். நல்ல மனிதர். அந்த வயதில் அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது.

தொண்ணூற்றொன்பதில் அக்கா வீட்டுக்காரர் செத்துப்போனார். ஆறேழு மாதம் இருமலும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து, அந்த உயரமான ஆள் சுருங்கிப்போய், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. டி.பி. என்றார்கள். நாங்களும் கேட்டவர்களிடமெல்லாம் டி.பி. என்றே சொன்னோம். ஆனால் அடக்கத்துக்கு வந்த லாரிக்காரர்கள் பெட்டியைத் தூக்கக் கை கொடுக்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். அதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அப்போதெல்லாம் எய்ட்ஸ் என்கிற அந்த நோயைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேச்சு. சலூனில் புது பிளேடைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆம்பளைகள் முகத்தைக் கொடுப்பார்கள். ஜெயங்கொண்டத்துச் சினிமாக் கொட்டகையில் யாரோ நாற்காலியில் ஊசி சொருகி வைத்திருக்கிறான் என்று ஒரு கதை. பஸ்ஸில் பக்கத்தில் ஒல்லியாக யாராவது உட்கார்ந்தால் எழுந்து நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இருமினால் வரும், வியர்வை பட்டால் வரும், ஒரே குளத்தில் குளித்தால் வரும். யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லோரும் எல்லாம் தெரிந்த மாதிரி சொன்னார்கள்.

அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு நிரந்தரமாக அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பொறாமைப்பட இனி என்ன இருக்கிறது? புருஷன் இல்லை, புடவை இல்லை, லாரி இல்லை. இப்போதாவது என் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறியிருக்கும், என் மகள் மட்டும் காலையில் கண் விழித்ததும் தெருவைக் குறுக்கே ஓடித் தாண்டிப் போகாமல் இருந்திருந்தால். குளிப்பது அங்கே, தலை பின்னுவது அங்கே, சோறு அங்கே. அக்கா உருட்டிக் கொடுத்தால் ஒரு தட்டுச் சோறும் போகும். நான் ஊட்டினால் நாலாவது வாய்க்கே, “போதும்மா, வயிறு வலிக்குது” என்பாள். எங்கள் வீட்டுக்கு அவள் தூங்கத்தான் வந்தாள். அதுவும் பாதி நாள்.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. அக்கா பகலில் வந்து கொக்கி வைத்துக் கொடுப்பாள், ஓரம் மடித்துக் கையால் தைத்துக் கொடுப்பாள். அவள் தைத்த ஓரம் வெளியே தெரியவே தெரியாது. “இது ஒன் அக்கா கைதானே?” என்று ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ரவிக்கையை அளவெடுத்து, வெட்டி, மிஷினில் தைத்ததெல்லாம் நான். பாராட்டு வாங்குவது கொக்கி. இதற்கெல்லாமா பொறாமைப்படுவார்கள் என்று கேட்காதீர்கள். நான் பட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அக்காவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. நான்தான் இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். ஒருநாள் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“ரத்தம் பாத்துட்டு வந்துடலாம்னு இருக்குடி. தெரிஞ்சவங்க கண்ணுல படாத எடமா. கூட வரியா?”

ஆண்டிமடம் வந்து பஸ் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடி போனோம். திரை போட்ட சின்ன அறையில் எங்கள் வயதில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நோயைப் பற்றி விளக்கிச் சொல்வதுதான் அவர் வேலை. என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம், “இவங்க வெளிய இருக்கட்டுமா?” என்று கேட்டார்.

“இருக்கட்டும்ங்க. எந் தங்கச்சிதான்” என்றாள் அக்கா.

அவர் சொன்னார். இருக்கிறது என்று சொன்னார். அக்கா அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எங்க வூட்டுக் கொழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமாங்க? நாந்தான் சோறு ஊட்டி விடுவேன்.”

எங்க வூட்டுக் கொழந்தை. செத்துப் பிழைக்கிற நேரத்திலும் அவள் என் குழந்தையைத் தன்னுடையதாகச் சொன்னாள். எனக்கு முதலில் சுருக்கென்றது அதுதான். பிறகுதான் பயம் வந்தது. அந்த லாரிக்காரரை எனக்குக் கட்டி வைத்திருந்தால் இன்றைக்கு இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்குக் கிடைத்த ஒன்று எனக்குக் கிடைக்காமல் போனதற்காகச் சந்தோஷப்பட்டேன். அப்படி நினைத்த மனசை என்ன செய்வது?

அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். தொட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது. எச்சிலில் வராது. சொல்லிக்கொண்டே, அக்கா வாய் வைத்துக் குடித்துவிட்டு மேசை மேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, தானும் வாய் வைத்துக் குடித்தார். மடக்மடக்கென்று இரண்டு மிடறு. நான் ஒரு முழ தூரத்தில் இருந்து பார்த்தேன். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரம் விடவே இல்லை. அங்கேயும் அவளைத்தான் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் கேட்டேன். கொசு கடித்தால்? வராது. பேன்? குழந்தை அவள் பக்கத்தில் படுக்கிறது, பேன் அங்கே ரத்தம் குடித்துவிட்டு இங்கே வந்து கடித்தால்? அவர் சிரிக்கவில்லை. “பேனாலயும் வராதும்மா” என்றார். தையல் ஊசி?

“கையில குத்துன ஊசியப் பத்திப் பயப்பட ஒண்ணுமில்ல. இருந்தாலும் ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்குங்க. யாரா இருந்தாலும் அதான் சுத்தம்.”

அவர் சொன்ன நூறு ‘வராது’ எல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. அந்த ஒரு ‘இருந்தாலும்’ மட்டும் உள்ளே தங்கிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அசதியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் மெல்ல நகர்ந்து, அவள் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்தேன். அரியலூரில் இறங்கும்போது அவள் சொன்னாள்: “யாருகிட்டயும் சொல்லிடாதடி. அம்மாவுக்குக்கூடத் தெரிய வேணாம்.” சரி என்றேன்.

வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. பெரியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையிடம்தான் சொன்னேன்.

அதை எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். ஒருநாள் காலையில் நான் சீப்பை எடுத்ததும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, “நீ வேணாம், நீ இழுக்குற. பெரியம்மாதான் நல்லாப் பின்னும்” என்று தெருவில் இறங்கி ஓடினாள். புத்தகப் பையைக்கூட எடுக்கவில்லை. நான் சீப்போடு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சிரித்தாள். “பெத்தது நீ, புள்ள அவளுக்கு” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உட்கார வைத்துச் சொன்னேன்.

“பெரியம்மாவுக்கு எச்சியில பூச்சி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அது வாய் வெச்சதுல நீ வாய் வெச்சா, ஒனக்குள்ள போயிடும். போனா செத்துடுவ.”

“டாக்டர் ஊசி போட்டா?”

“ஊசி போட்டாலும் போவாது. அப்புறம் நீ என்னையத் தொட்டா நானும் செத்துடுவேன்.”

அவள் கண் இரண்டும் குளமாகிவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படி இறுக்கிப் பிடித்ததே இல்லை. அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. குழந்தை பயத்தில் நடுங்குகிறது, எனக்கு மனசு குளிர்ந்து கிடக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டால் அவள் அழுவாள், அதனால் கேட்கக் கூடாது என்றும் சொல்லி வைத்தேன்.

மறுநாளிலிருந்து என் மகள் தலையை என்னிடமே காட்டினாள். இழுத்தாலும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. அம்மா வீட்டில் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் தம்ளரை மோந்து பார்த்துவிட்டு, தாகம் இல்லை என்று வைத்துவிடுவாள். அக்கா சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“ஏண்டி, பாப்பா வரவே மாட்டேங்குறா?”

“பள்ளிக்கூடம் போறால்ல, வளந்துட்டா” என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் பொய்யைச் சொல்லச் சொல்ல, சொன்ன வாய்க்கே பயம் பிடித்துக்கொண்டது. பாட்டிலில் அந்த அம்மாள் குடித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் அக்கா எங்கள் வீட்டில் குடித்த தம்ளரைத் தனியாக எடுத்து வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அவள் தொட்ட துணியை வெயிலில் இரண்டு நாள் போட்டேன். ஊசிப் பெட்டியையே மாற்றினேன். மகள் தலையில் மண்ணெண்ணெய் தடவி, பேன் சீப்பால் வாரி, விழுந்த ஒவ்வொரு பேனையும் நகத்தில் வைத்து நசுக்கி, அதிலிருந்து வந்த ரத்தத்தைப் பார்த்து யாருடைய ரத்தமோ என்று நடுங்கினேன். ஒருநாள் மகளின் உதட்டோரத்தில் ஒரு புண். அன்று முழுக்க ரவிக்கையை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். மூன்று நாளில் புண் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. இவ்வளவுக்கும் எதற்கு வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். பயமும் எனக்கு வேண்டியிருந்தது. அது இருந்தால்தான் நான் செய்தது நியாயம்.

அடுத்த வருஷம், ஆண்டவர் சிலுவையில் உயிர் விட்ட பெரிய வெள்ளி வந்தது. எங்கள் ஊரில் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் கோயிலில் இருப்பார்கள். மணி அடிக்க மாட்டார்கள். பீடத்துக்கு முன்னால் படிக்கட்டில் தலையணை போட்டு அதன் மேல் சிலுவையோடு பாடுபட்ட சுரூபத்தைக் கிடத்தியிருப்பார்கள். சனங்கள் வரிசையாக வந்து முழங்கால் போட்டு, ஆண்டவர் பாதத்தை முத்தி செய்வார்கள். பக்கத்தில் கோயில் காரியம் பார்க்கிற கோயில்பிள்ளை வெள்ளைத் துணியோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் முத்தமிட்டதும் ஒரு தடவை துடைப்பார். ஆண்களுக்கு ஒரு சிலுவை, பெண்களுக்கு ஒரு சிலுவை. குடும்பம் குடும்பமாகத்தான் போவோம். மூத்தவர்கள் முன்னால், தாய்மார் பின்னால், தங்கள் பிள்ளைகளைத் தங்களுக்கு முன்னே விட்டுக்கொண்டு. அதனால் அம்மா, அவளுக்குப் பின்னால் அக்கா, அப்புறம் என் மகள், கடைசியில் நான்.

வரிசையில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மகளை இழுத்து எனக்குப் பின்னால் நிறுத்தியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது என்று யோசிப்பதற்குள் அம்மா முத்தி செய்து எழுந்துவிட்டாள். அக்கா முழங்காலிட்டாள். இரண்டு பாதத்திலும் முத்தமிட்டு, நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எழுந்து சுவரோரம் போய் நின்றாள். கோயில்பிள்ளை துடைத்தார். என் மகள் முழங்காலிட்டாள். குனியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் தன் வெள்ளைப் பாவாடையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஆண்டவர் பாதத்தைத் தேய் தேய் என்று தேய்த்தாள். அடுப்படியில் கரிப் பாத்திரம் தேய்க்கிறவள் கணக்காக.

“என்ன பாப்பா பண்ற? முத்தி செய்யி” என்றார் கோயில்பிள்ளை.

“பெரியம்மா எச்சியில பூச்சி இருக்கு” என்றாள் அவள். “பட்டா செத்துருவோம். அம்மாதான் சொன்னிச்சு.”

மணியோ மேளமோ இல்லாத கோயில். அவள் குரல் தூணுக்குத் தூண் போய்த் திரும்பியது. எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி சத்தமில்லாமல் வரிசையை விட்டு விலகி, ஆண்கள் பக்கத்துச் சிலுவைக்குப் போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு யாரையும் எண்ண முடியவில்லை. என் முறை வந்தது. குனிந்தேன். என் உதடு பாதத்தில் படவில்லை. பட்ட மாதிரி குனிந்து எழுந்தேன்.

அக்கா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். தனக்கு அந்த நோய் இருப்பது எங்கள் ஊரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாதா?

இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் பதில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள், குழந்தை உளறுகிறது, இப்படி. அக்கா என்னை வாயைத் திறக்க விடவில்லை.

“கொழந்த வாயில ஏண்டி போட்ட?” என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். “நீயே எங்கிட்ட வராதன்னு சொல்லியிருக்கலாம்ல? வராம இருந்துருப்பேன்.”

அதன் பிறகு அவள் என் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கும் மேல்.

ஊர் அவளை என்ன பாடு படுத்தியது என்று விரிவாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை. குழாயடியில் அவள் குடத்தை எடுத்த பிறகு குழாய் வாயைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த குடத்தை வைத்தார்கள். கடையில் அவளுக்குச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார்கள். என்னிடம் ரவிக்கை கொடுக்க வந்தவர்கள், “ஒங்க அக்கா கை படலியே?” என்று கேட்டார்கள். இல்லை என்று சத்தியம் பண்ணினேன். கொக்கியை நானே வைத்தேன். நாலு துவைப்புக்குள் பிடுங்கிக்கொண்டு வந்தது. “முன்ன மாதிரி இல்லியே” என்று அவர்களே திருப்பிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஊருக்கு அவள் கை வேண்டாம், அவள் தையல் மட்டும் வேண்டும்.

என் மகள் எனக்கே எனக்காக ஆனாள். ஆனால் அந்தக் குதூகலம் கொஞ்ச நாள்தான். அவள் யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்க மாட்டாள், விருந்தில் பந்தியில் உட்கார மாட்டாள், பள்ளிக்கூடத்தில் பென்சிலை யாராவது கடித்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவாள். எதிர் வீட்டில் அக்கா வாசல் தெளிக்க வந்தால் உள்ளே ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அக்காவும் இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி கோலத்தை மெதுவாகப் போடுவாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கத்தான் அங்கே நின்றார்கள். நடுத் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

மடத்துக் கன்னியர் அக்காவைக் கூப்பிட்டுத் தங்கள் பிள்ளைகள் விடுதியில் தையல் வேலை கொடுத்தார்கள். விடுதிப் பிள்ளைகள் எல்லாம் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்று அம்மா வந்து சொன்னாள். கொஞ்ச வருஷத்தில் அந்த நோய்க்கு மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மாதா மாதம் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். அடுத்த அறுவடைக்கு இருக்க மாட்டாள் என்று ஊர் சொன்னவள், கன்னத்தில் சதை வைத்து, முடி வளர்ந்து, மறுபடி பழைய அக்காவாக ஆனாள். எனக்கு முப்பது வயதிலேயே முன்நெற்றி ஏறிவிட்டது. சாகப் போகிறாள் என்று நினைத்தவள் என்னைவிட லட்சணமாக நடந்து போகிறாளே என்று நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டு நானே என் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

இரண்டாயிரத்து ஏழு டிசம்பரில் என் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அட்டை பிடித்துக்கொண்டு ஊர்வலம் கூட்டி வந்தார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் வந்தது. “தொட்டால் ஒட்டாது, சேர்ந்து உண்டால் ஒட்டாது” என்று டீச்சர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் என் மகள். அவள் வாய் அசையவில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததைத் தலைகீழாகக் குனிந்து படித்துக்கொண்டே போனாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கழற்றவில்லை. நேராக மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, எச்சியில வராதாம். ஒனக்குத் தெரியாதா?”

நான் மிஷினை நிறுத்தினேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திரை போட்ட அறை, மேசை, அந்தப் பாட்டில், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. தெரியும் என்றால் அடுத்து ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்ன பிறகு அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்?

“எனக்கு யாரு சொன்னா?” என்றேன்.

அவள் முகம் அப்படியே இளகிவிட்டது. என் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, டீச்சர் சொன்னதையெல்லாம் விரல் விட்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். தொட்டால் வராது. கொசுவால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. நான் ஒவ்வொன்றுக்கும், “அப்படியா?” “அப்படியா?” என்று கேட்டுக்கொண்டேன். முதல் தடவை கேட்கிறவள் மாதிரி கேட்டேன்.

“பாவம்மா நீ. தெரியாமத்தானே அப்படிச் சொன்ன” என்றாள். “பெரியம்மா நீ வேணும்னு பண்ணுனன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். நான் போயி சொல்லிட்டு வரேன்.”

“இருடி, பொறவு போவலாம்” என்று நான் எழுவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டாள். ஐந்து வருஷம் போகாத வீட்டுக்குள் புத்தகப் பையோடு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். உள்ளே நுழைய முடியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா உட்கார்ந்து விடுதிப் பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

“பெரியம்மா, அம்மாவுக்கு எச்சியில வராதுன்னு தெரியாதாம். யாருமே சொல்லலியாம். அதான் எங்கிட்ட அப்புடிச் சொல்லிடுச்சு.”

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். நிமிர்ந்து, குழந்தையின் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். நான் நிற்பதைப் பார்த்தாள். பெரம்பலூரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வாயிலிருந்து ஒன்றாகக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவள் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் என் மகள் இருந்தாள்.

“அது எனக்குத் தெரியாதா கண்ணு?” என்றாள் அக்கா. “அவளுக்குத் தெரிஞ்சிருந்தா அப்புடிச் சொல்லுவாளா? ஒன் அம்மாவ நீ ஒரு வார்த்த கேக்கக் கூடாது.”

என் மகள் பையை உதறிவிட்டு அவள் மடியில் போய் விழுந்தாள். பதினொரு வயதுப் பெண், கைக்குழந்தை மாதிரி. அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நன்றியாவது வந்திருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. நான் சொன்ன பொய்யைக்கூட என்னைவிட அழகாக அவள்தான் சொன்னாள்.